பாடப் புத்தகத்தில் நம் பாட்டி இருக்கிறாளா?

உங்கள் மகனோ மகளோ இடைநிலைப் பள்ளியில் படிக்கிறார்களா? அவர்களுடைய புத்தகப் பையை என்றைக்காவது திறந்து பார்த்ததுண்டா? கணக்குப் புத்தகமும் அறிவியல் புத்தகமும் இருக்கும். அவற்றுக்கிடையே மெல்லியதாக ஒரு கதைப் புத்தகமும் இருக்கும். மலாய்ப் பாடத்துக்கு ஒன்று, ஆங்கிலப் பாடத்துக்கு ஒன்று. "இதெல்லாம் என்ன கதை?" என்று கேட்டால், "பரீட்சைக்குப் படிக்கிற கதைம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாமும் அத்தோடு விட்டுவிடுகிறோம்.

அப்படி விட்டுவிடக் கூடாது. கணக்குப் புத்தகம் பிள்ளைக்குக் கூட்டவும் கழிக்கவும் சொல்லித் தருகிறது. இந்த நாட்டில் யாருடைய வாழ்க்கை கதையாகத் தக்கது, யாருடைய வாழ்க்கை தகாதது என்பதை அந்த மெல்லிய புத்தகம் வாய் திறவாமலே சொல்லித் தருகிறது. கணக்கை மறந்தாலும் பிள்ளை இதை மறப்பதில்லை.

முப்பது ஆண்டுகள் ஆங்கிலப் பாடம் நடத்தியவள் நான். என் வகுப்பில் கண்டதையும் என் வீட்டில் கேட்டதையும் வைத்துக்கொண்டு உங்களிடம் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

பின் வரிசைப் பெண்

2000-ஆம் ஆண்டில் மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் மலாய் மொழிப் பாடத்திலும் ஆங்கில மொழிப் பாடத்திலும் இலக்கியப் பகுதி சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு ஆங்கில இலக்கியத்தை விரும்பியவர்கள் மட்டும் தனிப் பாடமாக எடுத்தார்கள். அது பெரும்பாலும் பட்டணத்துப் பெரிய பள்ளிகளில்தான். 2000-க்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் கதையும் கவிதையும் படிக்க வேண்டியதாயிற்று. தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைக்கும் அதே புத்தகம்தான்.

ஐந்தாம் படிவத்துக்கு அப்போது மூன்று நாவல்களை வைத்திருந்தார்கள். மாநிலத்துக்குத் தகுந்தபடி மூன்றில் ஒன்று. அமெரிக்கரான ஜான் ஸ்டைன்பெக் எழுதிய 'தி பேர்ல்' ஒன்று. கெரிஸ் மாஸ் மலாயில் எழுதி, அடிபா அமின் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த 'ஜங்கல் ஆஃப் ஹோப்' மற்றொன்று. மூன்றாவது, நம்மவரான கே. எஸ். மணியம் எழுதிய 'தி ரிட்டர்ன்'. எங்கள் பள்ளிக்கு வந்தது அந்த மூன்றாவது நாவல்.

என் வகுப்பில் பின் வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். தாய் பால்மரம் வெட்டுகிறவர். தகப்பன் இல்லை. ஆங்கிலப் பாடம் என்றால் தலையைக் குனிந்துகொள்வாள். ஆண்டு முழுவதும் அவள் குரலை நான் கேட்டதில்லை என்றே சொல்லலாம். 'தி ரிட்டர்ன்' நாவலில் ஒரு பாட்டி வருவாள். பெரியதாய் என்று அவளைக் கூப்பிடுவார்கள். இந்தியாவிலிருந்து பிள்ளைகளோடு கப்பலேறி வந்து, கூடையைத் தூக்கி வியாபாரம் செய்து, தனக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக்கொள்கிறாள். ஆனால் அந்த நிலம் அவள் பெயருக்கு வருவதில்லை. அந்தப் பகுதியை நான் வாசித்து விளக்கி முடித்தபோது பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், இது எங்க பாட்டி கதை மாதிரியே இருக்கு. இதெல்லாம் புத்தகத்துல எழுதலாமா டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினேழு வயதுப் பெண், பதினொரு ஆண்டுகள் பள்ளிக்கூடம் வந்தவள், தன் பாட்டியின் வாழ்க்கை புத்தகத்தில் எழுதத் தகுந்தது என்பதை அன்றைக்குத்தான் அறிகிறாள். இது யாருடைய குற்றம்?

மறுநாள் அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிழைகள் நிறைந்த ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். பாட்டி பெரட்டுக்குப் போனது, மழைக்காலத்தில் வேலையில்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்றது, எல்லாம் இருந்தது. பிழைகளைத் திருத்தச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். திருத்த மனம் வராமல் மூடி வைத்துவிட்டேன்.

ஒரு மலை, இரண்டு பார்வை

கெடா மாநிலத்தில் ஜெராய் மலையைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஒரு பக்கம் கடலை நோக்கிய யான் வட்டாரம். மறுபக்கம் ரப்பர்க் காடுகளுக்கு நடுவே பீடோங் பட்டணம். 1942-இல் பீடோங்கில் பிறந்தவர் கே. எஸ். மணியம். கொஞ்ச காலம் தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு ஆங்கிலப் பள்ளிக்குப் போய், இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி பெற்று, பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரையாளராக இருந்தவர். 1981-இல் 'தி ரிட்டர்ன்' வெளிவந்தது. 2020-இல் அவர் காலமானார்.

அந்த நாவலில் வரும் ரவி, மருத்துவமனையில் சலவை வேலை செய்பவரின் மகன். ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்து, படிப்பால் மேலே வருகிறான். மேலே வர வர, வீட்டைவிட்டுத் தூரமாகிறான். தகப்பனாரோ நிலத்தின்மேல் ஏக்கம் கொண்டு, இந்த மண்ணில் வேர் பிடிக்கத் துடித்து, முடிவில் தாம் கட்டிய வீட்டோடு தீக்கிரையாகிறார். படித்த பிள்ளைக்கும் படிக்காத பெற்றோருக்கும் நடுவே விழுகிற பள்ளத்தை இவ்வளவு உண்மையாகச் சொன்ன கதை குறைவு. நம் வீடுகளில் எத்தனையோ ரவிகள் இருக்கிறார்கள் அல்லவா?

அதே மலையின் மறுபக்கத்தில், யான் வட்டாரத்தில் 1920-இல் பிறந்தவர் அப்துல்லா ஹுசேன். 1996-இல் தேசிய இலக்கியவாதி விருது பெற்றவர். 1967-இல் நாட்டின் சுதந்திரப் பத்தாம் ஆண்டையொட்டி நடந்த நாவல் போட்டிக்கு அவர் எழுதியதே 'இண்டர்லோக்'. ஆறுதல் பரிசு பெற்று 1971-இல் நூலாயிற்று. ஒரு மலாய்க் குடும்பம், ஒரு சீனக் குடும்பம், ஓர் இந்தியக் குடும்பம் என மூன்றின் கதை. கடைசியில் மூன்றும் ஒன்றோடொன்று பிணைகின்றன. அந்த இந்தியக் குடும்பத் தலைவனின் பெயரும் மணியம்தான்!

எழுதியவரின் எண்ணம் நல்ல எண்ணமே. மூன்று இனங்களும் ஒன்றாக வாழ வேண்டும் என்பதே அவர் சொல்ல வந்தது. மலாய் எழுத்தாளர் ஒருவர் தம் நாவலில் ஒரு பெரும் பகுதியை நம் மக்களுக்கு ஒதுக்கியதும் சாதாரணக் காரியமல்ல. ஆனால் 2011-இல் அந்த நாவலின் மாணவர் பதிப்பு சிலாங்கூர், நெகிரி செம்பிலான், கோலாலம்பூர் போன்ற இடங்களில் ஐந்தாம் படிவப் பாட நூலாக வந்தபோது என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கப்பலேறி வந்த நம் முன்னோரை ஒரு சாதிப் பெயரால் குறித்த சொல் அதில் இருந்தது. அந்தச் சொல்லை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

என் தங்கை மகன் அந்த ஆண்டு ஐந்தாம் படிவம். ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். "பெரியம்மா, அந்தப் பாடம் வந்தா நான் புத்தகத்தை மேசைக்குக் கீழ வெச்சுக்குவேன்" என்றான். ஏன் என்று கேட்டேன். "ரீசஸ்ல பசங்க அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. விளையாட்டுக்குத்தான் சொல்றாங்க" என்றான். விளையாட்டுக்குத்தான் என்று அவனே சமாதானமும் சொல்லிக்கொண்டதுதான் என் நெஞ்சை அறுத்தது.

எதிர்ப்புகள் எழுந்தன. திருத்தங்களைப் பரிந்துரைக்கக் குழு அமைக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் பாட நூல் பட்டியலிலிருந்தே நாவல் எடுக்கப்பட்டது.

எடுத்துவிட்டால் தீர்ந்ததா?

"நல்லதாயிற்று, ஒழிந்தது" என்று அன்று பலர் சொன்னார்கள். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். புண்படுத்திய படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டோம், சரி. அந்த இடத்தில் எந்தப் படத்தை மாட்டினோம்? வெறும் ஆணிதானே நிற்கிறது!

நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதவே கூடாது என்பது என் கட்சியல்ல. எழுதட்டும். ஆனால் அடுத்த வீட்டுக்காரர் நம் வீட்டை வேலிக்கு அப்பால் நின்று பார்த்து வரைந்த படம் ஒன்றே ஒன்றுதான் வகுப்பறையில் இருக்கிறது என்றால், அதில் ஒரு கோடு பிசகினாலும் அது நம் பிள்ளைகள் அத்தனை பேர் முகத்திலும் விழுந்த கோடாகிவிடுகிறது. வீட்டுக்குள்ளிருந்து நாமே வரைந்த படங்கள் நான்கைந்து பக்கத்தில் இருந்திருந்தால்? "அது அவர் பார்வை, இது இவர் பார்வை" என்று பிள்ளைகள் ஒப்பிட்டுப் பேசியிருப்பார்கள். மேசைக்குக் கீழே புத்தகத்தை ஒளித்திருக்க மாட்டார்கள்.

நம்மவர் எழுதினால் எல்லாம் இனிக்கும் என்றும் எண்ண வேண்டாம். 'தி ரிட்டர்ன்' படித்த ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, "நம்ம வீட்டுச் சண்டையையும் கோபத்தையும் ஏன் டீச்சர் ஊருக்குக் காட்டணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு மகன் தன் தகப்பனின் கோபத்தை எழுதும்போது, அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருந்த நிலமில்லாத வேதனையையும் சேர்த்து எழுதுகிறான். வேதனையை அறிந்தவன் எழுதும் குறை நம்மைச் சிறுமைப்படுத்துவதில்லை. அதோடு, ஒரே ஓர் எழுத்தாளர் ஒரு சமூகம் முழுவதையும் தோளில் சுமக்க முடியாது. அதனால்தான் பலர் வேண்டும் என்கிறேன்.

"இனம் பார்த்தா நூல் தேர்வது? தரம் பார்க்க வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். தரம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தரமான நூல் ஒரு மொழிக்கோ ஓர் இனத்துக்கோ மட்டும் சொந்தமா? 2000-இல் வந்த அந்த ஆங்கிலப் பட்டியலையே பாருங்கள். ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டின் வறட்சியை எழுதிய பெசி ஹெட் இருந்தார். ஆஸ்திரேலியாவின் ஹென்றி லாசன், பிரான்சின் மாப்பசான், மலாக்காவில் பிறந்த ஷெர்லி லிம், நம் நாட்டு முகமது ஹாஜி சாலே ஆகியோரும் இருந்தார்கள். பெசி ஹெட்டின் கதையில் மழை வராத ஊரைப் பற்றிப் படித்தபோது மலாய், சீன, இந்தியப் பிள்ளைகள் மூவருமே வாயடைத்து உட்கார்ந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். பல நாட்டவரைச் சேர்த்ததால் அந்தப் பட்டியலின் தரம் உயர்ந்ததே தவிரக் குறையவில்லை.

ஆனால் பாட நூல்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுபவை. பட்டியல் மாறியபோது 'தி ரிட்டர்ன்' போய்விட்டது. ஒரு நூல் வந்ததே என்று மகிழ்ந்து உறங்கிவிட முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

அடுத்த வீட்டுக் கதையும் வேண்டும்

நம் கதை நம் பிள்ளைக்கு மட்டும் போதும் என்றால் அதற்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை, வீடே போதும். பள்ளியின் பெருமை, மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் நம் கதையைப் படிப்பதில் இருக்கிறது. அதேபோல அவர்கள் கதையை நாமும் படிக்க வேண்டும்.

மேலே சொன்ன 'ஜங்கல் ஆஃப் ஹோப்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பகாங் மாநிலம் பெந்தோங் அருகே கெத்தாரியில் 1922-இல் பிறந்தவர் கெரிஸ் மாஸ். 1981-இல் முதன்முதலாகத் தேசிய இலக்கியவாதி விருது பெற்றவர் அவரே. ஈயச் சுரங்கமும் ரப்பரும் வந்து தம் ஊர் மக்களின் நெல்வயல்களை எப்படி விழுங்கின என்பதை அவர் எழுதினார். அதில் வரும் பாக் கியா, நெல்லை விட்டு ரப்பர் நடுவதை விரும்பாத விவசாயி. காட்டுக்குள் போய்ப் புதிதாக நிலம் திருத்தப் பார்க்கிறார்.

நமக்கு ரப்பர் சோறு போட்டது. நம் தாத்தாவின் முதுகையும் அது வளைத்தது. அதே ரப்பர் பாக் கியாவின் வயலைத் தின்றது. இரண்டு பேரும் ஒரே காலத்தில் ஒரே மண்ணில் பட்டவர்கள். ஆனால் ஒருவர் பட்டது மற்றவருக்குத் தெரியாமலே இரண்டு தலைமுறை கடந்துவிட்டது. இந்த இரண்டு கதைகளையும் ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிள்ளைகள், "நீ வந்தேறி, நான் மண்ணின் மைந்தன்" என்று சண்டையிடுவார்களா? அப்படியே சண்டையிட்டாலும், பாதியில் நிறுத்தி யோசிப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

தமிழில் எழுதியவர்கள் எங்கே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் தமிழ் நாவலுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. க. வெங்கடரத்தினம் எழுதி 1917-இல் வந்த 'கருணாசாகரன்' இங்கு எழுதப்பட்ட முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுகிறது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, நம் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாமல் போனவர்கள் பல்லாயிரம் பேர். அந்தக் கொடுமையை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாக 1993-இல் தந்தார். ஆ. ரெங்கசாமியும் அதே துயரத்தை 'நினைவுச் சின்னம்' நாவலில் எழுதினார். ரெ. கார்த்திகேசு, சீ. முத்துசாமி என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம்.

வரலாற்றுப் பாடத்தில் ஜப்பானியர் காலத்தைப் படிக்கும் சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் இந்த நாவல்களைப் படித்திருக்கிறார்களா? எப்படிப் படிப்பார்கள், அவை தமிழில் அல்லவா இருக்கின்றன! மலேசியாவில் தேசிய இலக்கியம் என்று ஏற்கப்படுவது மலாயில் எழுதப்பட்டதுதான். தேசிய இலக்கியவாதி விருதும் அதற்கே. பக்கத்து நாடான சிங்கப்பூரில் கலாசாரப் பதக்கம் நான்கு மொழி எழுத்தாளர்களுக்கும் வழங்கப்படுகிறது. தமிழில் எழுதிய இளங்கண்ணன் 2005-இலும் கே. டி. எம். இக்பால் 2014-இலும் அதைப் பெற்றார்கள்.

நம் நாட்டுக் கொள்கையை ஒரு கட்டுரையால் மாற்றிவிட முடியாது. ஆனால் இரண்டு வழிகள் திறந்தே இருக்கின்றன. ஒன்று, நல்ல தமிழ் நாவல்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட வேண்டும். கெரிஸ் மாஸின் மலாய் நாவல் மொழிபெயர்ப்பு வழியாகத்தானே ஆங்கில வகுப்புக்குள் வந்தது? மற்றொன்று, நம் பிள்ளைகளே மலாயில் எழுத வேண்டும். உதயசங்கர் எஸ்.பி., சரோஜா தேவி பாலகிருஷ்ணன் போன்றோர் நம் வாழ்க்கையை மலாய் மொழியில் கதையாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் வழி நடக்க இன்னும் பலர் வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

"நாங்கள் தோட்டத்து மக்கள், எங்களால் என்ன ஆகும்?" என்று கேட்காதீர்கள். உங்களால் ஆகக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலாவது, இன்றிரவே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாட நூலில் உள்ள கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. கதையைத் தாய்மொழியில் திருப்பிச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தேர்வும் எளிதாகும். மனம் நோகும்படி ஏதாவது இருந்தால் அதுவும் உங்கள் காதுக்கு வரும்.

இரண்டாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் மொழி வகுப்புக்கு இடமுண்டு. பதினைந்து பேரைச் சேர்ப்பது மலையைப் புரட்டுவதல்ல. கோயில் திருவிழாவுக்கு ஒரே நாளில் ஐம்பது பேரைச் சேர்க்கிறவர்கள் அல்லவா நாம்! பள்ளி நூலகத்துக்கு இரண்டு தமிழ் நாவல்களும், மணியத்தின் நாவல் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். தீபாவளிப் பட்டாசுச் செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது.

மூன்றாவது, ஐந்தாம் படிவத்தில் தமிழ் இலக்கியத்தையும் எடுக்கப் பிள்ளையை ஊக்குவியுங்கள். 2009-இல் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பத்துப் பாடங்கள்தான் என்று வரம்பு வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் விடுபட்டுப் போகக் கூடாது என்று சமுதாயமே குரல் கொடுத்தது. அதனால் கூடுதலாக இரண்டு பாடங்களுக்கு இடம் கிடைத்தது. போராடி வாங்கிய நாற்காலியில் உட்கார ஆளில்லை என்றால், பிறகு நாற்காலி எங்கே என்று கேட்க நமக்கு வாயிருக்காது.

நான்காவதுதான் முக்கியம். உங்கள் வீட்டில் கிழவி ஒருத்தி இருந்தால், அவள் சொல்வதைப் பிள்ளையை விட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தக் கங்காணி கொண்டுவந்தான், லயத்தில் எத்தனை பேர் படுத்தார்கள், சயாமுக்குப் போனவர் யார் யார் என்பதையெல்லாம் அவள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்துவிட்டது. அந்த லயத்தைப் பார்த்த கண்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. நாளைக்கு எழுத உட்காரும் நம் பிள்ளைக்கு வேண்டிய விதைநெல் அந்தக் கிழவியிடம்தான் இருக்கிறது.

பின் வரிசைப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? சில ஆண்டுகளுக்கு முன் சந்தையில் என்னைக் கண்டு ஓடிவந்தாள். இப்போது அவளே ஆசிரியை. கையில் குழந்தை. "டீச்சர், பாட்டி போயிட்டாங்க. அன்னைக்கு எழுதின தாள் உங்ககிட்ட இருக்கா? என்கிட்ட வேற எதுவும் இல்ல" என்று கேட்டாள்.

இருந்தது. பழைய கோப்பில், திருத்தாமல் வைத்திருந்த அந்த ஒன்றரைப் பக்கத்தை மறுவாரமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் தன் பிள்ளைக்கு அதைப் படித்துக் காட்டியிருப்பாள்.

உங்கள் வீட்டுத் தாள் எங்கே இருக்கிறது? இன்னும் எழுதப்படவில்லை என்றால், இன்றைக்கே ஒரு பேனாவைத் தேடுங்கள்.